தீவுக்கு ஒருநாட் பயணம்

வன்னி நிலத்திலே துணுக்காய் என்னும் ஊரை உங்களிற் பலர் அறிவீர்கள். முல்லைத்தீவு மாவட்டத்துக்குக் கிழக்கே நெடிய கடற்கரை உண்டு. ஆனால் அம்மாவட்டத்தின் மேற்கு மூலையிலுள்ள துணுக்காய்ப் பிரதேசத்துக்கு அக்கரையில் ஒரு முழ நிலமும் இல்லை. அங்குள்ளோர் நாளும் காணும் நீர் குளத்து நீரே. பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளத்தின் அலைகளைப் பார்த்து வளரும் பிள்ளைகள், கடல் எப்படியிருக்கும் என்று பெரியோரைக் கேட்பதில் வியப்பில்லை. அத்தகைய ஓர் ஊரிலிருந்து, பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு, ஓசையற்ற ஒரு தீவை ஒருநாள் பார்த்து வரவேண்டுமென்று ஒரு குடும்பம் எண்ணுமாயின், அதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

ஒருநாட் பயணத்துக்கு ஆயத்தம் எதற்கு, புறப்பட்டாற் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். தரைவழிப் பயணத்துக்கு அது பொருந்தலாம். கடல் குறுக்கிட்டுவிட்டால், நம்முடைய விருப்பத்துக்கு மேலாகக் காற்றும் அலையும் படகின் நேரமும் நின்று கட்டளையிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. நாம் ஓய்வு தேடிச் செல்லும் தீவு, அங்கே வாழ்வோருக்குப் பிறந்த ஊர். ஆயத்தமின்றிச் செல்பவன் தனக்கு மட்டுமன்றி, அவர்களுக்கும் சுமையாகிவிடுவான்.

முதலில் எந்தத் தீவு என்பதைத் தீர்மானிப்போம். யாழ்ப்பாண நகருக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் தீவுகள் பல உள்ளன. அவற்றுள் மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், புங்குடுதீவு முதலியவற்றுக்குத் தாம்போதி வழியே வண்டியிற் செல்லலாம். பெயரளவில் அவை தீவுகள். பயணிக்கோ அவை தரையின் தொடர்ச்சியே. தாம்போதியோ பாலமோ இல்லாமல், படகை மட்டும் நம்பியிருக்கும் குடியிருப்புத் தீவுகள் நான்கு: நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு. இந்நான்கனுள் எதற்குச் சென்றாலும், நீங்கள் ஏறிவந்த காரும் வானும் இறங்குதுறையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து அப்பால் உங்கள் காலும், படகோட்டியின் கையுமே துணை.

உலகில் மோட்டார் வண்டியை விலக்கி வைத்த தீவுகள் வேறும் உண்டு. அமெரிக்காவிலே ஹியூரன் ஏரியிலுள்ள மக்கினோ என்னும் தீவில், 1898 ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிகளைத் தடைசெய்தார்கள். இன்றும் அங்கே குதிரை வண்டியும் சைக்கிளுமே ஓடுகின்றன. கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஹைட்ரா தீவில் கழுதைகளே பொதி சுமக்கின்றன. இஸ்தான்புல் நகரையடுத்த பியூக்கதா தீவில் நெடுங்காலம் குதிரை வண்டிகள் ஓடின. அக்குதிரைகள் படும் துன்பத்தைக் கண்டு மக்கள் குரலெழுப்பியதன் பின்னர், 2020 இல் அவற்றை நிறுத்தி மின்சார வண்டிகளை விட்டார்கள். அத்தீவுகளில் அமைதியைச் சட்டம் காக்கிறது. நம்முடைய தீவுகளிலோ அதனைக் கடல் காக்கிறது. சட்டத்தால் வந்த அமைதியை அங்குள்ளோர் தாமே விரும்பித் தேர்ந்தார்கள். கடலால் வந்த அமைதியை நம்மவர் தேர்ந்துகொள்ளவில்லை. அதனோடு வாழப் பழகிக்கொண்டார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நான்கு தீவுகளுள் நயினாதீவே மிக எளிதிற் சென்றுவரக்கூடியது. புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையிற் படகேறினால் கால் மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நயினாதீவை அடையலாம். நாகபூசணி அம்மன் கோயிலும், பௌத்தர்கள் போற்றும் நாகதீப விகாரையும் அங்கே உள்ளன. 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிலே பொறிப்பித்த சாசனம் ஒன்றும் அங்கே உண்டு. கடல்வழி வரும் பிறநாட்டு வணிகரைக் காக்கவேண்டும் என்பதும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கே அரசுக்கு, எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு என்பதும் அதிற் காணப்படும் செய்திகள். கடல் கடந்து வருவோனையும் அவனை ஏற்கும் கரையையும் பற்றி, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இப்பகுதியிற் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதியோரும் கைக்குழந்தைகளும் உடன்வருவாராயின் நயினாதீவே பொருத்தம். ஆனால் ஆனி மாதத்தை ஒட்டி அம்மன் கோயிலில் மகோற்சவம் நடைபெறும் நாள்களில் அங்கே திரளும் கூட்டம் பெரிது. வழிபாட்டுக்குச் செல்வோருக்கு அது சிறந்த காலம், அமைதியை நாடுவோருக்கன்று.

அனலைதீவும் எழுவைதீவும் சிறியவை. அவற்றுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து படகு செல்கிறது. பார்ப்பதற்கெனப் பெயர்பெற்ற இடங்கள் அங்கே மிகுதியில்லை. பனையும் வயலும் கோயிலும் கடலுமே உண்டு. சும்மா நடந்து திரிவதையே இன்பமாகக் கொள்பவருக்கு அவை போதும்.

நெடுந்தீவு இவற்றுள் மிகப் பெரிது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. குறிகட்டுவானிலிருந்து அங்கே செல்ல ஒரு மணிநேரம்வரை ஆகும். ஒருநாட் பயணத்தின் முழுச் சுவையையும், அதற்குரிய முழு இடரையும் ஒருங்கே உடையது இத்தீவுதான். ஆகவே நம்முடைய திட்டத்தை இதனை வைத்தே வகுத்துப் பார்ப்போம்.

காலத்தைத் தேர்வது முதல் வேலை. சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நெடுந்தீவுக் கடல் கொந்தளிப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும், அதனை ஒட்டி வாடைக் காற்றும் வரும். மாசி, பங்குனி மாதங்களிற் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பெய்த மழையின் ஈரம் மண்ணில் எஞ்சியிருப்பதால் புல்வெளியும் பசுமையாயிருக்கும். வன்னி விவசாயிக்கும் காலபோக அறுவடையின் பின் சற்று ஓய்வு கிடைக்கும் காலம் அதுவே. ஆனால் அக்காலத்திலேதான் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவும் வரும். அந்நாள்களிற் குறிகட்டுவான் துறை யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும். திருவிழா நாளை முன்கூட்டியே அறிந்து, அதனை விலக்கி வேறு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வழி. துணுக்காயிலிருந்து கிழக்கே மல்லாவி வழியாக மாங்குளம் சென்று, கண்டி வீதியில் ஏறி யாழ்ப்பாணம் போகலாம். அல்லது மேற்கே வெள்ளாங்குளம் சென்று, முழங்காவில், பூநகரி ஊடாக வடக்கு நோக்கிச் செல்லலாம். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து இவ்வழி மிகுந்த பயனுடையதாயிற்று. யாழ்ப்பாண நகரை அடைந்தபின் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவானைச் சேரவேண்டும். தனி வாகனத்திற் சென்றாலும் துணுக்காயிலிருந்து துறைவரை மூன்று மணிநேரமேனும் ஒதுக்கிக்கொள்வது நன்று. பஸ்ஸிற் செல்வோர், முதல்நாள் மாலையே யாழ்ப்பாணம் சென்று, உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, அதிகாலையிற் புறப்படுவதே அறிவுடைமை.

இனித் திட்டத்தின் உயிர்நாடியான செய்தியைச் சொல்கிறேன். தீவுப் பயணத்தைக் காலையிலிருந்து மாலை நோக்கி வகுக்கக்கூடாது. மாலையிலிருந்து காலை நோக்கி வகுக்கவேண்டும். அதாவது, தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகு எப்பொழுது என்பதை முதலிற் கேட்டறியுங்கள். அந்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகத் துறையில் நிற்கவேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், தீவிற் கழிக்கக்கூடிய மணிநேரம் எத்தனை என்பது தெரியும். காலையிற் சென்று பிற்பகலிலே திரும்புபவருக்கு அது நான்கைந்து மணிநேரத்துக்கு மேற்படாது. படகு நேரங்கள் பருவத்துக்கும் கடல்நிலைக்கும் ஏற்ப மாறுவன. ஆதலால் சென்ற ஆண்டு போய்வந்தவர் சொன்ன நேரத்தை நம்பியிராமல், புறப்படுவதற்கு முதல்நாள் துறையிலோ தீவாரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். படகிற் கொடுக்கும் உயிர்காப்பு அங்கியை அணிந்துகொள்ளத் தயங்காதீர்கள். குளத்தில் நீந்தத் தெரிந்தவன் கடலுக்கு அஞ்சவேண்டியதில்லை என்று எண்ணுவது தவறு.

நான்கைந்து மணிநேரத்தில் நெடுந்தீவு முழுவதையும் பார்த்துவிட முடியுமா? முடியாது, முயலவும் வேண்டாம். மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரரும் சிறு வண்டிக்காரரும் வந்து அழைப்பார்கள். தீவில் ஓடும் வண்டிகள் அத்தகைய சிலவே. முதியோர் உடனிருந்தால் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவதிற் குறையில்லை. அப்பணம் தீவிலே தங்கும். இளையோருக்குச் சைக்கிளே சிறந்தது. மேடு பள்ளம் அதிகமில்லாத தரை அது.

பார்க்கவேண்டியவற்றுள் முதலாவது, வழிநெடுகிலும் காணப்படும் வேலிகள். துணுக்காயிலே பனை மட்டையாலும் முட்கம்பியாலும் வேலியடைத்துப் பழகிய நமக்கு, பவளப்பாறைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய அம்மதில்கள் புதுமையாயிருக்கும். மண்ணைக் கிண்டினாற் கல் வரும் நிலத்தில், அந்தக் கல்லையே வேலியாக்கிய உழைப்பு அது. அடுத்து, போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்ததாகக் கொள்ளப்படும் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுத்தீவு என்று தம் மொழியில் அழைத்தார்கள். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் என்றார்கள். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்றும் இன்னும் நிற்கிறது. ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்குமரத்தின் அடியிற் குகைபோன்ற பொந்து உண்டு. பிள்ளைகள் அதனுள் நுழைந்து பார்த்து மகிழ்வார்கள். வெடியரசன் பெயரால் வழங்கும் பழைய இடிபாடுகளும் உள்ளன. இவற்றுள் இரண்டை மூன்றைத் தேர்ந்து, ஆறுதலாகப் பார்ப்பதே நலம்.

குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஐரோப்பியர் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை, இன்று ஆளின்றித் தீவின் தென்பகுதிப் புல்வெளியில் மேய்ந்து திரிகின்றன. கோடை முற்றினால் நீர் வற்றி அவை தவிக்கும். தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் துரத்திப் படம் பிடிப்பதும், கையிலுள்ள உணவை எறிவதும் கூடா. தூரத்தே நின்று பார்த்தாலே போதும். மிரளாத குதிரையைக் காண்பதுதான் அழகு.

இப்பொழுது நீரைப் பற்றிப் பேசவேண்டும். குளக்கட்டின் கீழ் வாழும் துணுக்காய் மக்களுக்கு இது நன்கு விளங்கும். இத்தகைய சுண்ணக்கல் தீவுகளில் ஆறுமில்லை, பெருங்குளமுமில்லை. பெய்யும் மழை நிலத்தினுள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கும். நன்னீர் பாரத்திற் குறைந்தது என்பதால் இது நிகழ்கிறது. அந்தப் படையே தீவாரின் கிணற்று நீர். அளவுக்கு மேல் இறைத்தால், கீழிருந்து உப்புநீர் ஏறிவந்து கிணற்றைக் கெடுத்துவிடும். ஒருமுறை கெட்ட கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மழை வேண்டும். ஆகையாற் குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். தீவாரிடம் கேட்டால் இல்லையென்னாமல் தருவார்கள். தருவார்கள் என்பதனாலேயே கேளாதிருப்பது நமக்கு அழகு. உணவைப் பொறுத்தவரை, ஒருவேளை உணவையேனும் அங்கே உள்ளவரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்துப் பணம் கொடுத்து உண்ணுங்கள். கொண்டுபோகும் போத்தல்களையும் பைகளையும் அப்படியே திருப்பிக் கொண்டுவாருங்கள். குப்பையைத் தீவிலிருந்து அகற்றுவதற்கும் ஒரு படகு வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

படகு என்றதும், அது யாருடையது என்னும் கேள்வி எழுகிறது. ஐயாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நெடுந்தீவில், பெரிய வைத்தியத்துக்கும், மேற்படிப்புக்கும், கந்தோர்க் காரியத்துக்கும், கலியாணச் சாமான் வாங்குவதற்கும் இந்தப் படகே வழி. ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் அதிலேதான் வந்து போகிறார்கள். பெருங்கூட்டமாக உல்லாசப் பயணிகள் வரும் விடுமுறை நாளொன்றில், மருத்துவச் சீட்டோடு நிற்கும் கிழவிக்குப் படகில் இடமில்லாமற் போகுமானால், நம்முடைய இன்பம் அவருடைய துன்பமாகிவிடும். எனவே சனி, ஞாயிறும் விடுமுறையும் தவிர்ந்த நாளொன்றைத் தேர்வது நல்லது. அவ்வாறு இயலாதாயின் சிறு கூட்டமாகச் செல்லுங்கள். ஏறும்போது தீவாரை முன்னே விடுங்கள். "நீங்கள் முதலிலை ஏறுங்கோ, அம்மா" என்று சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அத்துறையிலிருந்து சென்றுவந்த குமுதினி என்னும் படகின் பெயர் உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்படகிற் சென்ற பயணிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலிலே கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் தீவார் அந்நாளை நினைவுகூருகிறார்கள். களிப்பாகச் செல்லும் பயணத்தில் இதனை ஏன் சொல்லவேண்டும் என்று கேட்கலாம். நாம் ஒருநாள் கடக்கும் கடலை அவர்கள் வாழ்நாள் முழுதும் கடக்கிறார்கள். அந்தக் கடலில் அவர்களுடைய உறவினர் உயிர்விட்டிருக்கிறார்கள். இதனை அறிந்தவன், படகிலே பாட்டுப் பெட்டியை உரக்க வைக்கமாட்டான்.

துணுக்காய்க்கு நெடுந்தீவைவிட அண்மையிலே ஒரு தீவு உண்டு. முழங்காவிலுக்கு மேற்கே கடலில் உள்ள இரணைதீவே அது. பெரியதீவு, சின்னத்தீவு என இரண்டாய் அமைந்தமையால் அப்பெயர் பெற்றது. அங்கே வாழ்ந்த மீனவ மக்கள் 1992 இல் போரினால் இடம்பெயர்ந்து, எதிர்க்கரையிலுள்ள இரணைமாதாநகரிற் குடியேறினார்கள். போர் முடிந்த பின்னும் அவர்களால் ஊர் திரும்ப முடியவில்லை. தீவிலே கடற்படை இருந்தது. 2017 மே முதலாம் நாள் அவர்கள் கரையில் அமர்ந்து போராட்டந் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, 2018 ஏப்ரில் 23 ஆம் நாள், வெள்ளைக்கொடி பிடித்துத் தம் படகுகளிலே சென்று, தம் மண்ணில் இறங்கினார்கள். பின்னர் 2021 மார்ச்சில், கொரோனா நோயால் இறந்தோரை அடக்கஞ் செய்யும் இடமாக அத்தீவு அறிவிக்கப்பட்டது. தம் இறந்தோரை மண்ணில் அடக்கவேண்டும் என்று முஸ்லிம் மக்கள் கேட்டது நியாயமானது. ஆனால் அப்பொழுதுதான் மீளக் குடியேறிவந்த தீவு மக்கள், அதற்குத் தம் ஊரைத் தெரிந்தெடுத்ததை எதிர்த்தார்கள். முடிவில் அடக்கம் ஓட்டமாவடியில் நடைபெற்றது.

கால் நூற்றாண்டுக் காலம் இரணைதீவும் அமைதியாய்த்தான் இருந்தது. அங்கே காரும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆனால் அடுப்புப் புகை எழாத ஊரின் அமைதி அது. நெடுந்தீவிலே கேட்கும் அமைதியோ வேறு. பள்ளிக்கூட மணியும், வலை உதறும் ஓசையும், மாடு கத்துவதும் அதனுள்ளே கலந்திருக்கும். 2008 இல் ஊரைவிட்டுச் சென்று, 2009 இன் இறுதியிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பிவந்த துணுக்காய் மக்களுக்கு, இவ்விரு அமைதிகளுக்குமுள்ள வேறுபாட்டை வேறொருவர் விளக்கவேண்டியதில்லை. வெறிச்சோடிய வளவையும், பாசி பிடித்த கிணற்றையும் அவர்கள் கண்ணாற் கண்டவர்கள்.

இரணைதீவை இப்போதைக்கு உல்லாசப் பயணத்துக்குரிய இடமாகக் கொள்ளவேண்டாம் என்பதே என் கருத்து. அங்குள்ளோர் இன்னும் வீட்டையும் தொழிலையும் நிலைநிறுத்திக்கொண்டிருப்பவர்கள். உறவினரோ நண்பரோ அழைத்தாற் செல்லுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு போன்றவற்றுக்கோ விருந்தினராகச் செல்லலாம். அத்தீவுகளிற் குடிகள் தங்கி வாழ்வதற்கு நம்முடைய வரவு சிறிதேனும் உதவவேண்டும். இளையோர் வேலை தேடி வெளியேறி, கல்மதில்கள் மட்டும் எஞ்சினால், அங்கேயும் அந்த வெற்றமைதியே வந்து குடியேறிவிடும். ஆகவே அங்கே ஒருவேளை உண்பதும், அங்குள்ளவர் வண்டியை அமர்த்துவதும், தீவார் விற்கும் கருவாட்டையோ பனம்பண்டத்தையோ வாங்கிவருவதும் சிறு செயல்களல்ல.

நேயர்களே, சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுகிறேன். மாசி, பங்குனியில் ஒரு வேலை நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். திரும்பும் படகை முதலிற் கேளுங்கள். குடிநீரும், தொப்பியும், மழைக்கும் அலைக்கும் நனையாத ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். தீவாரை முன்னே ஏறவிடுங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்தபின், பெருக்குமரத்தையும் குதிரைகளையும் பற்றிப் பிள்ளைகள் பலநாள் பேசுவார்கள். கிணற்றில் உப்பேறாமற் காக்கும் அந்த மெல்லிய நீர்ப்படையைப் பற்றியும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வவுனிக்குளத்தின் வாய்க்காலிற் கால் நனைக்கும்போது, அவர்களுக்கு அது நினைவுக்கு வரட்டும்.